ஹைட்ராலிக் ஆயில்: வேலூர் வட்டாரத் தொழிற்கூடங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் உள்ள தோல் பதனிடும் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும், ராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடிப் பக்கத்திலும் இயங்கும் பொறியியல் பட்டறைகளிலும் ஹைட்ராலிக் இயந்திரம் இல்லாத இடம் அரிது. அந்த இயந்திரங்களைப் பராமரிக்கும் ஃபிட்டர்களும் சூப்பர்வைசர்களும் சிறு ஆலை உரிமையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எந்தக் கம்பெனி ஆயில் சிறந்தது என்பதே பெரும்பாலானோரின் முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் நம் வட்டாரத்தில் பம்பும் வால்வும் கெடுவதற்கு ஆயிலின் பெயரைவிட அதன் சூடும், அதில் கலக்கும் தண்ணீரும் தூசியுமே பெரிய காரணங்கள் என்பதால், விடைகளும் அவற்றைப் பற்றியே அதிகம் பேசுகின்றன.

ஹைட்ராலிக் ஆயில் இயந்திரத்தில் என்னதான் செய்கிறது?

அதன் முதல் வேலை விசையைக் கடத்துவது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்த விதிதான் இதற்கு அடிப்படை. தோலில் பூ வடிவம் பதிக்கும் எம்பாசிங் பிரஸ் ஒன்றின் சிலிண்டர் 300 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்றும், பம்பு 200 பார் அழுத்தம் தருகிறது என்றும் கொண்டால், அந்த ஒரே சிலிண்டர் ஏறத்தாழ 144 டன் விசையுடன் தகட்டை அழுத்தும். பம்பையும் வால்வையும் உராய்விலிருந்து காப்பது, உருவாகும் சூட்டைச் சுமந்து சென்று டேங்கிலும் கூலரிலும் விடுவது, உலோகம் துருப்பிடிக்காமல் தடுப்பது, சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டுமே உள்ள இடைவெளிகளை அடைத்து அழுத்தம் கசிந்து போகாமல் பார்த்துக்கொள்வது ஆகியவையும் அதே ஆயிலின் பொறுப்புதான். ஆகவே அதை இயந்திரத்தின் ஒரு பாகமாகவே கருத வேண்டும். பேரிங் வாங்கும்போது காட்டும் கவனம் ஆயில் வாங்கும்போது காணாமல் போவதுதான் வருத்தத்துக்கு உரியது.

32, 46, 68 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன? 68 என்றால் 46-ஐவிடத் தரம் உயர்ந்ததா?

இல்லை. இந்த எண்களுக்கும் தரத்துக்கும் தொடர்பு இல்லை. ஐ.எஸ்.ஓ. 3448 என்ற பன்னாட்டுத் தர வரையறையின்படி, 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) என்பதையே இவை சொல்கின்றன. 10 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், 61.2 முதல் 74.8 வரை உள்ள எந்த ஆயிலும் 68-ஆம் நம்பர் ஆயில்தான். எண் கூடினால் ஆயில் கெட்டி, குறைந்தால் நீர்த்தது என்று பொருள்.

வேலூர் வெயிலுக்கு 46 போதுமா, 68 தான் வேண்டுமா?

முதலில் இயந்திரத்தின் கையேட்டைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரே எண் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றலாம். பல கையேடுகளில் டேங்க் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று எண்கள் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தோல் இயந்திரங்களில் கணிசமானவை இத்தாலியிலிருந்து வருபவை. அந்நாட்டுத் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பரிந்துரையை, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் ஷெட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முடிவு செய்ய வேண்டியது வெளிக்காற்றின் சூட்டை வைத்து அல்ல, இயந்திரம் ஓடி நிலைக்கு வந்த பிறகு டேங்கில் உள்ள ஆயிலின் சூட்டை வைத்து. சாதாரண மினரல் வகை 46-ஆம் நம்பர் ஆயில் 60 டிகிரியில் ஏறத்தாழ 20 சென்டிஸ்டோக்காகவும், 70 டிகிரியில் 15 ஆகவும் இறங்கிவிடும். 68-ஆம் நம்பர் ஆயிலோ 60 டிகிரியில் 28-க்கு அருகிலும் 70 டிகிரியில் 20-க்கு அருகிலும் நிற்கும். பெரும்பாலான பம்புகளுக்கு ஓடும் நிலையில் 16 முதல் 36 வரை இருந்தால் உகந்தது. வேன் பம்புகள் பலவற்றுக்கு 13-க்குக் கீழே போகக் கூடாது. டேங்க் 55 டிகிரியைத் தாண்டாத இயந்திரத்தில் 46 தாராளமாகப் போதும் என்பதும், மே மாதத்தில் 65, 70 என்று ஏறும் இயந்திரத்தில் 68 பாதுகாப்பானது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

ஆனால் சூடு ஏறுவதற்குக் காரணமான குறையை அப்படியே விட்டுவிட்டு, ஆயிலை மட்டும் கெட்டியாக மாற்றுவதைச் சரியான பராமரிப்பாக ஏற்க முடியாது. கெட்டி ஆயில் குழாய்களில் ஓடும்போது கூடுதல் உராய்வையும், அதனால் கூடுதல் சூட்டையும் உண்டாக்கும்.

மார்கழிக் காலையில் 68 ஆயில் கெட்டியாகி பம்பைக் கெடுக்குமா?

நம் ஊர்க் குளிருக்கு அந்த அச்சம் தேவையில்லை. 20 டிகிரியில் அது 200 சென்டிஸ்டோக் அளவில்தான் இருக்கும். பெரும்பாலான பம்புகள் இதைத் தாங்கும். ஸ்டார்ட் செய்ததும் சுமை கொடுக்காமல் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு வேலையைத் தொடங்கினால் போதும்.

பேரலின் மீது எச்.எல்.பி., எச்.எம்., எச்.வி. என்று எழுதியிருப்பது என்ன?

ஐ.எஸ்.ஓ. வகைப்பாட்டில் எச்.எல். என்பது துருவையும் ஆக்சிஜனேற்றத்தையும் தடுக்கும் பொருள்கள் மட்டும் சேர்த்த ஆயில். எச்.எம். என்பது அவற்றுடன் தேய்மானத் தடுப்பும் சேர்த்தது. எச்.வி. என்பது எச்.எம். வகையையே வெப்பநிலை மாற்றத்துக்கு அதிகம் அசையாதபடி மேம்படுத்தியது. ஜெர்மானியத் தரமான டின் 51524 இதே மூன்றையும் முறையே எச்.எல்., எச்.எல்.பி., எச்.வி.எல்.பி. என்று குறிக்கிறது. ஆகவே கையேட்டில் எச்.எல்.பி. 46 என்று இருந்து, கடையில் எச்.எம். 46 கிடைத்தால் குழம்ப வேண்டியதில்லை.

கூரைக்குக் கீழே நிலையாக நிற்கும் பிரஸ், தோலில் ஒட்டிய சதையைச் சீவும் பிளெஷிங் மெஷின், பம்பும் மோட்டாரும் டேங்கும் ஒன்றாக அமைந்த பவர் பேக் ஆகியவற்றுக்கு எச்.எம். வகையே போதும். அதிகாலைக் குளிரிலும் உச்சி வெயிலிலும் வெட்டவெளியில் வேலை செய்யும் எக்ஸ்கவேட்டர், கிரேன் போன்றவற்றுக்கு எச்.வி. பொருத்தமானது. விலை கூடுதல் என்பதற்காகவே எச்.வி. வாங்கி ஆலைக்குள் ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை.

ஜிங்க் உள்ள ஆயில், ஜிங்க் இல்லாத ஆயில் என்கிறார்களே?

தேய்மானத் தடுப்புக்காக நெடுங்காலமாகச் சேர்க்கப்படுவது துத்தநாகம் கலந்த ஒரு சேர்மம். பெரும்பாலான கியர் பம்புகளுக்கும் வேன் பம்புகளுக்கும் அது நன்கு ஒத்துப்போகும். சில பிஸ்டன் பம்புகளில் உள்ள வெண்கல, வெள்ளிப் பூச்சுப் பாகங்களை அதிகச் சூட்டில் அது அரிக்கக்கூடும் என்பதால், அவற்றின் தயாரிப்பாளர்கள் ஜிங்க் இல்லாத வகையைக் கேட்பார்கள். இரண்டையும் கலந்தால் சேர்க்கைப் பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பிசுபிசுப்பான படிவாகி ஃபில்டரை அடைக்கலாம்.

ஒரு கம்பெனி ஆயிலில் இன்னொரு கம்பெனி ஆயிலை டாப்-அப் செய்யலாமா?

சர்வோ சிஸ்டம், எச்.பி. என்க்ளோ, மாக் ஹைட்ரால், ஷெல் டெல்லஸ், மொபில் டி.டி.இ. 20 வரிசை என நம் பக்கம் எளிதில் கிடைப்பவை எல்லாம் மதிப்புள்ள ஆயில்களே. ஒரே எண்ணும் ஒரே வகையும் கொண்ட இரண்டு ஆயில்கள் பெரும்பாலும் சண்டையின்றிக் கலந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் ஒவ்வொன்றிலும் சேர்க்கைப் பொருள்களின் அளவும் தன்மையும் வேறுவேறு. இரவு ஷிஃப்டில் ஹோஸ் வெடித்து, கையில் வேறு ஆயில்தான் இருக்கிறது என்ற நெருக்கடியில் ஊற்றுவதைத் தவறு என்று சொல்ல முடியாது. அதையே வழக்கமாக்கிக்கொள்வதுதான் தவறு. ஒரு ஆலைக்குள் இரண்டு வகைக்கு மேல் ஆயில் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு டேங்க் மூடியிலும் எந்த ஆயில் என்று பெயின்டால் எழுதிவைத்தால் குழப்பத்துக்கே இடம் இராது.

லாரி இன்ஜின் ஆயில் ஊற்றினால் என்ன ஆகும்? அதுவும் ஆயில்தானே?

இன்ஜின் ஆயிலில் கரியையும் அழுக்கையும் தன்னுள் மிதக்கவைத்துக்கொள்ளும் சோப்புத் தன்மையுள்ள பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். இன்ஜினுக்கு அது வேண்டும். ஹைட்ராலிக் டேங்கிலோ, உள்ளே புகுந்த தண்ணீர் பிரிந்து அடியில் இறங்க வேண்டும். இன்ஜின் ஆயில் அதைப் பிரியவிடாமல் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். நாள் முழுவதும் ஈரத்தோல் புழங்கும் பிளெஷிங் மெஷின்களுக்கும், தோலிலிருந்து தண்ணீரைப் பிழியும் சாமியிங் மெஷின்களுக்கும் இது நேரடியான கேடு. சில மண்வாரி இயந்திரங்களின் கையேடுகளில் குறிப்பிட்ட இன்ஜின் ஆயிலே பரிந்துரைக்கப்பட்டிருக்கும். அங்கு மட்டும் அதை ஊற்றலாம்.

டேங்கில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறுகிறது. காரணம் என்ன?

டேங்கின் வெளிச்சுவரில் உள்ளங்கையைச் சில நொடிகளுக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால், சூடு ஏறத்தாழ 60 டிகிரிக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். கையை நம்புவதைவிட, துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 60 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 80 டிகிரியைத் தாண்டினால் சாதாரண ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கத் தொடங்கும்.

வேலை செய்யாமல் வீணாகும் அழுத்தம் முழுவதும் சூடாகவே மாறுகிறது என்பதை அடிப்படையாக வைத்துக் காரணத்தைத் தேட வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதை அழுத்தத்தால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். அழுத்தம் வரம்பு மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு வழியாக நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் 180 பார் அழுத்தத்தில் டேங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தால், அது 9 கிலோவாட். குளிப்பதற்கு வெந்நீர் போடும் 1000 வாட் ஹீட்டர் ஒன்பதை டேங்குக்குள் இறக்கிவிட்டதற்குச் சமம். எந்தக் கூலராலும் அதை எளிதில் சமாளிக்க முடியாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ரிலீஃப் வால்வின் செட்டிங். வேகம் குறைந்துவிட்டது என்று யாராவது அழுத்தத்தைத் திருகிக் கூட்டியிருக்கிறார்களா, அல்லது வால்வின் இருக்கையில் தூசி சிக்கி எப்போதும் சிறிது திறந்தே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வுக்குப் பின்னால் உள்ள குழாய், டேங்கைவிட மிகவும் சூடாக இருந்தால் ஆயில் அங்கேதான் கசிந்து ஓடுகிறது. அடுத்து சிலிண்டரின் பிஸ்டன் சீலில் உள்கசிவு, பிறகு பம்பின் தேய்மானம், கடைசியாகக் கூலர் என்ற வரிசையில் தேடினால் நேரம் மிச்சமாகும்.

கூலரில் நம் வட்டாரத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. தண்ணீரால் குளிர்விக்கும் கூலராக இருந்தால், உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த நிலத்தடி நீர் குழாயின் உட்புறம் சுண்ணாம்புபோல் படிந்து சூடு வெளியேறுவதைத் தடுக்கும். சிறிது காலத்தில் குழாயை அரித்து, தண்ணீரை ஆயிலுக்குள்ளும் விட்டுவிடும். காற்றால் குளிர்விக்கும் கூலராக இருந்தால், தோலைச் சீவி மெல்லியதாக்கும் ஷேவிங், தேய்த்து மென்மையாக்கும் பஃபிங் பிரிவுகளிலிருந்து பறந்துவரும் தோல் தூள் அதன் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தாலே பல டிகிரி இறங்கும். காற்றுக் கூலரால் ஆயிலை வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதால், ஷெட்டுக்குள் 45 டிகிரி இருக்கும் மே மாத மதியத்தில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கூலரைச் சுவரிலிருந்து தள்ளி, நிழலில், காற்றோட்டம் உள்ள இடத்தில் வைப்பதே பெரிய உதவி.

ஆயில் பால் போல் வெளுத்துவிட்டது. தண்ணீரா, காற்றா?

இரண்டிலுமே வெளுப்பு வரும் என்பதால் ஊகிக்கக் கூடாது. சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஆயிலைப் பிடித்து அசைக்காமல் ஒரு மேசையில் வையுங்கள். காற்றுக் குமிழ்கள்தான் காரணம் என்றால், அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்து சிறிது நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். பல மணி நேரம் கழித்தும் கலங்கலாகவே இருந்தாலோ, அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் இறங்கினாலோ தண்ணீர்தான். இன்னும் உறுதி வேண்டுமென்றால், 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று பொரியும். தண்ணீர் இல்லாதது சத்தமின்றிப் பரவும். இதைச் செய்யும்போது கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும்.

0.05 விழுக்காடு தண்ணீரே ஹைட்ராலிக் ஆயிலுக்கு அதிகம் என்று சொல்லப்படுகிறது. 200 லிட்டர் டேங்கில் அது வெறும் 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. அந்தத் தண்ணீர் துருவை உண்டாக்குவதோடு, சேர்க்கைப் பொருள்களையும் சிதைக்கிறது.

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், தோல் ஆலைகளில் வழிகள் பல. ஷிஃப்ட் முடிந்ததும் இயந்திரத்தை ஹோஸ் பிடித்துக் கழுவும்போது டேங்க் காற்றை உள்ளிழுக்கும் பிரீதர் மூடி வழியாகப் போவது முதன்மையானது. சிலிண்டர் ராடில் ஒட்டிய ஈரம் தேய்ந்த வைப்பர் சீல் வழியாக உள்ளே போகும். கூலர் குழாய் ஓட்டையை ஏற்கெனவே சொன்னோம். நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த பேரலின் மூடிமேல் தண்ணீர் தேங்கும். பகலில் சூடேறி உள்ளிருக்கும் காற்று வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, இறுக்கமாக மூடியதுபோல் தோன்றும் மூடியின் புரி வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரலைக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். முடியாவிட்டால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இடம் வலமாக இருக்கும்படி வைத்தால் ஆயிலே உள்ளிருந்து மூடியை அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் கொஞ்சம் என்றால், இயந்திரத்தை ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிறுத்திவைத்து, திங்கள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேங்கின் அடி வால்வைத் திறந்து, தெளிந்த ஆயில் வரும்வரை வடித்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். பால் போல் கெட்டியாகக் கலந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. வழி எதுவாயினும், தண்ணீர் வந்த வாயிலை அடைக்காமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அதே நிலைதான்.

பம்பில் ஜல்லி உருள்வதுபோல் சத்தம் கேட்கிறது. ஆயில் சரியில்லையா?

பம்புக்குப் போதுமான ஆயில் போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் இறங்கும்போது ஆயிலில் குமிழ்கள் உண்டாகி, அழுத்தப் பக்கத்தில் அவை நொறுங்கும். அந்த நொறுங்கல் பம்பின் உலோகத்தையே பொத்தல் பொத்தலாகப் பெயர்த்துவிடும். பம்பு உறிஞ்சும் ஆயிலை வடிகட்ட டேங்குக்குள் இருக்கும் சக்ஷன் ஸ்ட்ரெய்னர் அடைத்திருப்பது வழக்கமான காரணம். வெளியே தெரியாத இடத்தில் இருப்பதால் பல ஆலைகளில் இயந்திரம் வந்த நாளிலிருந்து அதை யாரும் கழற்றியே பார்த்திருப்பதில்லை. ஜல்லிச் சத்தத்துக்குப் பதில் கூர்மையான சீழ்க்கையும் டேங்கில் நுரையும் இருந்தால், சக்ஷன் பைப் ஜாயின்ட்டில் காற்று புகுகிறது. ஜாயின்ட்டின் மீது கொஞ்சம் ஆயிலைத் தடவிப் பாருங்கள். தடவிய கணத்தில் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். ஆயில் மட்டம் குறைவாக இருப்பதும், திரும்பும் பைப் ஆயிலுக்கு மேலே முடிந்து அருவிபோல் கொட்டுவதும் நுரைக்குக் காரணமாகும்.

சீல் உடைக்காத புது பேரல் ஆயில் சுத்தமானதுதானே? அப்படியே ஊற்றலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள விடைகளில் ஒன்றை மட்டும் ஆலையில் நடைமுறைப்படுத்த முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஆயிலின் சுத்தம் ஐ.எஸ்.ஓ. 4406 என்ற முறையில் 18/16/13 என்பதுபோல் மூன்று எண்களால் சொல்லப்படுகிறது. ஒரு மில்லி லிட்டரில் முறையே 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதன் குறியீடு அது. 18 என்றால் 1300-க்கு மேல் 2500 வரை. 16 என்றால் 320-க்கு மேல் 640 வரை. 13 என்றால் 40-க்கு மேல் 80 வரை. ஒவ்வொரு எண் கூடும்போதும் துகள்கள் இரண்டு மடங்காகும். நிரப்பும் குழாய், லாரிப் பயணம், பேரலின் உட்சுவர் ஆகிய எல்லாவற்றையும் கடந்து வரும் புதிய ஆயில், நுட்பமான வால்வுகள் கேட்கும் சுத்தத்தைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. மனிதக் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே எதுவும் தெரியாது. பம்பின் இடைவெளியோ 5, 10 மைக்ரான்தான். அதனால் கண்ணுக்குத் தேன்போல் தெளிவாகத் தெரியும் ஆயில் பம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கலாம்.

பட்டறையில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். பேரலின் மேல் படிந்த தூசியைத் துடைக்காமலே மூடி கழற்றப்படுகிறது. மூலையில் கிடந்த வாளியில் ஆயில் பிடிக்கப்படுகிறது. பாதி வெட்டிய பிளாஸ்டிக் கேன் புனலாகிறது. டேங்க் வாயை காட்டன் வேஸ்ட்டால் துடைக்கும்போது அதன் நூலிழைகள் உள்ளே விழுகின்றன. பக்கத்தில் பஃபிங் தூள் பறந்துகொண்டிருக்கிறது. விலை உயர்ந்த ஆயில் வாங்கிய பயன் அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது.

கைப்பம்பும் 10 மைக்ரான் ஃபில்டரும் பொருத்திய சிறிய தள்ளுவண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லா ஆயிலையும் அதன் வழியாகவே ஏற்ற வேண்டும். ஊற்றும் பாத்திரங்கள் மூடியுடன் ஹைட்ராலிக் வேலைக்கு மட்டும் என்று தனியாக இருக்க வேண்டும். நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். டேங்கின் பிரீதர் மூடி தொலைந்து, அங்கே துணி சுற்றிக் கட்டியிருக்கும் காட்சி அரிதன்று. சிலிண்டர் ஒவ்வொரு முறை நீளும்போதும் டேங்க் அந்த வழியாகவே காற்றை உள்ளிழுக்கிறது என்பதால் நல்ல பிரீதர் ஃபில்டர் மிக அவசியம். அதன் விலை ஒரு வால்வின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கையேடுகள் பெரும்பாலும் 2000 முதல் 4000 மணி நேரம் வரை ஏதேனும் ஒரு அளவைச் சொல்கின்றன. 40, 50 லிட்டர் பிடிக்கும் சிறிய கட்டிங் பிரஸ்ஸுக்கு அந்தக் கணக்கிலேயே மாற்றிவிடலாம். பரிசோதனைச் செலவு அங்கே கட்டுப்படியாகாது. 500 லிட்டருக்கு மேற்பட்ட டேங்குகளுக்குப் பரிசோதித்து முடிவெடுப்பதுதான் சிக்கனம். பாகுத்தன்மை புதிய ஆயிலிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தாலோ, ஆயிலில் சேர்ந்த அமிலத்தைக் காட்டும் அமில எண் தெளிவாக ஏறியிருந்தாலோ மாற்ற வேண்டும். துகள்கள் மட்டும் அதிகம் என்றால் வடிகட்டினாலே போதும்.

மாதிரியை இயந்திரம் ஓடிச் சூடாக இருக்கும்போதே, திரும்பும் குழாயில் ஃபில்டருக்கு முன்னால், சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். நின்ற இயந்திரத்தின் டேங்க் அடியில் பிடித்த மாதிரி எதையும் சரியாகச் சொல்லாது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் கறுத்த நிறத்தோடு தீய்ந்த வாடையும் அடித்தால், ஆயில் சூட்டில் வெந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

மாற்றும்போது டேங்கை டீசல் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டாம். எவ்வளவு வடித்தாலும் ஒரு பகுதி மூலைகளிலும் குழாய்களிலும் தங்கி, புதிய ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். எளிதில் தீப்பற்றும் தன்மையையும் கூட்டிவிடும். ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்து, அடியில் உள்ள சேற்றை நூல் உதிராத துணியால் துடைத்தெடுத்து, அதே வகை ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி அலசி வடிப்பதே முறை. டேங்கை மட்டும் காலி செய்தால் சிலிண்டர்களிலும் குழாய்களிலும் பழைய ஆயில் கணிசமாக நின்றுவிடும் என்பதால், இயன்றவரை அவற்றையும் வடிக்க வேண்டும். எல்லா ஃபில்டர்களையும் அப்போதே மாற்றி, சில மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகுகிறது. அதற்காக உற்பத்தியை நிறுத்த வேண்டுமா?

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர். இரண்டு மாதத்துக்குள் ஒரு முழு பேரல் தரையில் போய்விடும். ஆயில் வெளியே வரும் இடத்தில், இயந்திரம் நின்றதும் தூசியும் காற்றும் உள்ளே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. அழுத்தத்தில் இருக்கும் ஹோஸில் கசிவு எங்கே என்று ஒருபோதும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறிய எறும்புக்கடி போலத்தான் தெரியும். வலியும் முதலில் குறைவாகவே இருக்கலாம். உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடலாம். களிம்பு தடவி, நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பாமல், வேலூரில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுசென்று, உயர் அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டோ மரப்பலகையோ போதும். ஹோஸைக் கழற்றும் முன் மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் அதன் அழுத்தத்தையும் வடித்து, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்த பிறகே ஸ்பேனரை வைக்க வேண்டும்.

உலை அருகே உள்ள இயந்திரத்துக்கும் இதே ஆயில்தானா?

மினரல் ஆயிலின் தீப்பற்றும் நிலை பொதுவாக 200 டிகிரிக்கு மேல் என்றாலும், ஹோஸ் வெடித்துப் புகைமூட்டம்போல் தெறிக்கும் ஆயில், சூடான உலோகத்தில் பட்டதும் பற்றிக்கொள்ளும். டை-காஸ்டிங், ஃபோர்ஜிங் பிரிவுகளுக்கு, தண்ணீரும் கிளைக்காலும் கலந்த எச்.எஃப்.சி. வகை போன்ற தீத்தடுப்புத் திரவங்கள் உண்டு. அவற்றுக்கு ஏற்ற பம்பு, சீல், பெயின்ட் எல்லாமே வேறு என்பதால், இயந்திரத் தயாரிப்பாளரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. மினரல் ஆயிலோடு கலக்கவும் கூடாது.

லூஸில் விற்கும் ஆயில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

முறையாகச் சுத்திகரித்து, பரிசோதனைச் சான்றுடன் வரும் மறுசுழற்சி ஆயிலைப் பற்றி மறுப்பு இல்லை. ஆனால் எந்தப் பேரலிலிருந்து வந்தது, எத்தனை சென்டிஸ்டோக், சேர்க்கைப் பொருள்கள் இருக்கின்றனவா என்று எதுவுமே தெரியாமல் கேனில் அளந்து தரப்படும் ஆயிலை, பல லட்சம் மதிப்புள்ள இயந்திரத்தில் ஊற்றுவதற்கு நியாயம் எதுவும் சொல்ல முடியாது. சீல் உடையாத பேரல், பேட்ச் எண், அந்த பேட்ச்சுக்கான சான்று ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

பயன்படுத்திய ஆயில், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் வருகிறது. அதைக் கசியாத பேரலில், மழை படாத இடத்தில், பெயர் எழுதிச் சேர்த்துவைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுத்து, அதற்கான ஆவணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பாய்லர் விறகில் ஊற்றி எரிப்பதும், தூசி அடங்கட்டும் என்று மண்தரையில் தெளிப்பதும் சட்டப்படியும் தவறு, நிலத்துக்கும் கேடு.

பாலாறு பட்ட பாட்டை நம் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் ஆலைக் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-ல் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே ஒரு மைல்கல்லாக இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் தொழில் செய்யும் நாம், ஹைட்ராலிக் ஆயில் ஒரு வாளிகூட வடிகாலில் இறங்காமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். கழிவுநீரோடு ஆயில் கலந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால், அங்கே கழிவைத் தின்று நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் கெடுகிறது.

ஆர்டர் இல்லாமல் இயந்திரம் மாதக்கணக்கில் நிற்கிறது. ஆயிலை வடித்துவிடலாமா?

வடிக்காதீர்கள். காலி டேங்கின் உட்சுவரில் இரவு ஈரம் படிந்து துருப்பிடிக்கும். டேங்கை மேல்மட்டக் குறி வரை நிரப்பி, சிலிண்டர் ராடுகளை உள்ளே இழுத்த நிலையில் நிறுத்துங்கள். அப்படி இழுக்க முடியாத ராடுகளுக்கு கிரீஸ் தடவுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டரையும் முழுதாக நீட்டி மடக்குங்கள். மீண்டும் வேலைக்கு எடுக்கும் நாளில், மோட்டார் சுவிட்சைத் தொடும் முன் டேங்கின் அடி வால்வைச் சிறிது திறந்து, தேங்கிய தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.